கொடிப் பிளேனும் துலாவில் நின்ற மனிதரும்

நான்காம் இலக்கக் கதவு நடைபாதையில் சாய்ந்து நின்றது. மாநகரசபை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்று, ஈரம் குடித்த மெத்தை ஒன்றுக்கும் கால் முறிந்த நாற்காலி ஒன்றுக்கும் நடுவில் அதை விட்டிருந்தார்கள். மெத்ரோ ரயிலுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குக் கீழே மஞ்சளாகிப்போன ஒட்டுநாடாத் தடங்கள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் 'பழுது' என்று எழுதிய கடதாசி ஒட்டியிருந்தது. ஏன் ஒட்டியிருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். தள்ளுவண்டிலில் பிள்ளையோடு போன ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் அப்படித்தான் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒட்டுப்பலகையின் புளித்த வாசம், பலருடைய மூச்சுப்பட்ட ரெலிபோன் கைபிடியின் வாசம், மழைக்கோட்டு, தலைக்கு வைத்த எண்ணெய். பத்து வருடம் கழித்தும் அந்தக் கூண்டு வாசம் போகவில்லை. அந்த வாசத்தோடு கோபமும் வந்தது. அதுவும் போகவில்லை.

அந்தக் கதவுக்கு வெளியேதான், 2009ஆம் ஆண்டு இளவேனிலில் ஒரு பின்னேரம், ஒரு சரித்திரம் எழுதுகிற எண்ணம் என் தலைக்குள் முதன்முதலாக விழுந்தது.

அந்தக் கதவு, லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்த ஒரு ரெலிபோன் கடையினுடையது. இன்றைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததென்றே தெரியாது. வரிசையாகப் பலகைக் கூண்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போன், ஒரு முக்காலி. ஊரோடு கதைக்க வருபவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கதவு எவ்வளவு சாத்தினாலும் கதை வெளியே கேட்கும். முதலாளி சிவநேசன் அண்ணை புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்து தினமும் ரயிலேறி வந்து கடை திறப்பார். நான் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் கல்லாவில் இருப்பேன். ஆட்கள் இல்லாத நேரம் கடைக் கொம்பியூட்டரில் பழைய விமானங்களின் படங்களை இறக்கி, கடையின் பிரின்டரிலேயே அடித்து எடுப்பேன். அண்ணைக்கு அது தெரியும். "மை என்ன வானத்தாலையோ விழுது?" என்று கேட்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

விமானப் பைத்தியம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மற்றப் பொடியன்கள் பந்து விளையாட்டுக்காரர்களின் படத்தை ஒட்டிய சுவரில் நான் எஞ்சின்களின் படத்தை ஒட்டினேன். சண்டை விமானங்கள் எனக்கு அலுப்பு. அவற்றைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் தேடித் தேடிப் பிடித்தது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையின் வடகரையில் கொஞ்சக்காலம் நின்ற ஒரு படையணி. எண்ணைச் சொல்லமாட்டேன். சொன்னால் உலகம் முழுவதிலுமிருந்து என்னைப் போன்ற விசரர்கள் ஐந்தாறு பேர் உடனே கடிதம் போடுவார்கள்.

அந்தப் படையணி யாரையும் சுடவில்லை. ஒரு குண்டும் போடவில்லை. அதன் வேலை, மற்றவர்கள் சுட்டுப் பழகுவதற்குத் துணை நிற்பது. விமானத்தின் பின்னால் நீளமான உருக்குக் கம்பி. கம்பியின் நுனியில் துணியால் தைத்த குழாய், ராட்சதச் சட்டையிலிருந்து கையை மட்டும் வெட்டியெடுத்ததுபோல. விமானம் அதை இழுத்துக்கொண்டு கரையோரமாகப் பறக்கும். சுடப் பழகுகிறவர்கள் அந்தத் துணியைச் சுடுவார்கள். விமானத்தைச் சுட்டுவிடக்கூடாது, சிலவேளை சுட்டும்விடுவார்கள். ஒவ்வொருவனும் தன் சன்னங்களை ஒவ்வொரு நிறச் சாயத்தில் தோய்த்திருப்பான். பிறகு துணியை விமானத் தளத்தில் போட்டு, சிவப்பு விளிம்புள்ள ஓட்டை யாருடையது, நீல விளிம்புள்ளது யாருடையது என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஓட்டைகளைத் தைத்து மறுபடி பறக்க விடுவார்கள். தன் பக்கத்து ஆட்களின் சூட்டுக்கு முன்னால் தினமும் போய் வருவதையே வேலையாகக் கொண்ட படையணி! எனக்கு அது பிடித்துப்போனது.

அன்றும் அந்த விமானத்தின் படம் ஒன்றை அடித்துக் கல்லாவில் வைத்திருந்தேன். பரமேஸ்வரி அன்ரி நாலாம் கூண்டு காலியாவதற்காகக் காத்து நின்றார். பொண்டியில் வீடு, பகலில் ஒரு ஹொட்டலில் அறைகள் துப்புரவாக்குகிற வேலை. அவருடைய அண்ணை குடும்பம், போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் நேரே வந்து நின்று, மறுபக்கத்தில் யாரும் எடுக்காத ஒரு எண்ணை அழுத்திக்கொண்டிருப்பார். கடையில் முக்கால்வாசிப் பேர் அந்த நாட்களில் அதைத்தான் செய்தார்கள்.

அன்ரி படத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"உது கொடிப் பிளேன் எல்லே?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன பிளேன் அன்ரி?"

"கொடிப் பிளேன். பின்னாலை துணி இழுத்துக்கொண்டு போறது. எங்கடை அப்பான்ரை காலை எடுத்தது உதுதான்."

அதைச் சொல்லிவிட்டு, கூண்டு காலியானதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படத்தைக் கையில் பிடித்தபடி நான் வெளியே நின்றேன். அந்த எஞ்சினுக்கு எத்தனை குதிரைவலு என்று கேட்டிருந்தால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன். அதற்குக் கீழே ஒரு மனிதர் இருந்திருப்பார் என்பது மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. இந்தப் படையணியின் சரித்திரத்தை நிலத்திலிருந்து எழுதவேண்டும் என்று அந்தக் கணத்தில்தான் நினைத்தேன்.

பிறகு வந்த நாட்களில், கூண்டு காலியாகும்வரை, துண்டு துண்டாகச் சொன்னார். அவருடைய அப்பா செல்லத்துரை. தளத்துக்குப் பக்கத்து ஊரில் வெங்காயத் தோட்டம். அந்த நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது துலாவால். கிணற்றுக்கு மேலே நீளமான மரம், நடுவில் அச்சு; ஒருவர் அந்த மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மறுமுனையில் கட்டிய பனையோலைப் பட்டை கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு ஏறும். கீழே நிற்பவர் பட்டையை வாய்க்காலில் சரிப்பார். செல்லத்துரை மேலே நடப்பவர். மனைவி கீழே. மூத்த மகன் வரம்பில் இருந்தான். அன்ரி அப்போது பிறக்கவில்லை.

கம்பியைச் சுற்றி உள்ளே எடுக்கிற உருளை அன்றைக்கு இறுகிப்போயிருந்தது. விமானி கம்பியைத் தொங்கவிட்டபடியே தாழப் பறந்து தளத்துக்குத் திரும்பினான். கீழே தட்டையான தோட்டம், வெங்காயம், வேலி. வீடில்லை, உயர்ந்த மரமில்லை. மேலேயிருந்து பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லாத இடம். அந்த ஊரில் மனிதர்கள் ஆகாயத்தில் நடப்பார்கள் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்? கம்பி துலாவில் நின்றவரை இழுத்துக்கொண்டு போனது. உயிர் மிஞ்சியது. ஒரு கால் முழங்காலுக்கு மேலே போனது.

என் கோபம் இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. அறுந்த கம்பியோடு துணிக்குழாய் அடுத்த வளவு வேலியில் போய் விழுந்தது. யுத்த காலம், கடையில் துணி கிடையாது. அடுத்த வீட்டார் அதை வெட்டி ஒளித்துவிட்டார்கள். மறுநாள் பட்டாளக்காரர் துணியைத் தேடி வந்தபோது, "செல்லத்துரைதான் பிடிச்சு இழுத்தவர், அதுதான் கால் போனது" என்று அவர்களே சொன்னார்கள். செல்லத்துரை ஆஸ்பத்திரியில், மனைவியும் அவரோடு. மறுத்துச் சொல்ல ஆளில்லை.

"அவையின்ரை பிள்ளையள் சிவப்பு ஓட்டை, நீல ஓட்டையோடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போச்சுதுகள்" என்றார் அன்ரி. "எங்களுக்குத் துணிக்கள்ளன் வீடு எண்டு பேர்."

"இப்ப ஆர் அன்ரி அதையெல்லாம் ஞாபகம் வைச்சிருக்கினம்?"

"இஞ்சை, இதே லா சப்பலிலை, என்ரை மகளின்ரை கலியாணத்திலை ஒருத்தர் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னார். பொம்பிளை ஆர் தெரியுமோ, துணிக்கள்ளன் செல்லத்துரையின்ரை பேத்தி எண்டு. சம்பந்திமாருக்கு முன்னாலை. துலாவிலை நிண்ட மனிசன் எந்தக் கையாலை தம்பி துணி இழுக்கிறது?"

நம் சனத்தைப் பற்றி எனக்கு ஒரு பெரிய கோபம் உண்டு. கடலைத் தாண்டும்போது தோட்டம், துரவு, வீடு வளவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவார்கள்; அடுத்தவனின் பட்டப்பெயரை மட்டும் பத்திரமாகப் பொதியில் கட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்தப் படையணியின் சரித்திரத்தை இங்கிலாந்தில் ஓர் ஆர்வலர் சங்கம் புத்தகமாகப் போட்டிருந்தது. நான் தபாலில் எடுப்பித்துத் தேடினேன். ஒரு விமானம் எந்த நாளில் எந்தச் சக்கரம் மாற்றியது என்பதுவரை எழுதியிருந்தார்கள். படையணி வடகரையில் நின்ற காலத்தில் நிலத்தின் மேல் கம்பி தொலைந்தது ஒரே ஒரு தடவை. மாதமும் அன்ரி சொன்ன வெங்காயக் காலத்தோடு பொருந்தியது. அந்தப் பகுதியை அன்ரிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கம்பி உருளை இறுகியது, கம்பியும் இலக்குத்துணியும் நிலத்தின் மேல் இழக்கப்பட்டன, சேதம் இல்லை.

"சேதம் இல்லை எண்டா?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதியிருக்கினம்."

அன்ரி கொஞ்சம் யோசித்தார். "பிளேனுக்குச் சேதம் இல்லையாக்கும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கடை மூலையில் தொங்கிய ரிவியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். வன்னியில் எங்கேயோ விமானத் தாக்குதலாம். பொதுமக்களுக்குச் சேதம் இல்லையாம். கூண்டுகளுக்குள் போன் அழுத்திக்கொண்டிருந்தவர்கள் அழுத்திக்கொண்டேயிருந்தார்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக் கல்லாவில் ஓங்கி அடித்தேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிவநேசன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "சனம் அங்கை செத்துக்கொண்டிருக்கு. நீ வெள்ளைக்காரன்ரை பழைய பிளேனுக்கு இருந்து சரித்திரம் எழுதுறாய். உனக்கு விசரே?"

"ரெண்டும் ஒண்டுதான் அண்ணை!"

"என்னடா ஒண்டு? எழுபது வரியத்துக்கு முந்திப் போன கால் இப்ப முளைக்கப்போகுதோ?"

"அப்ப எழுதின பொய்யைப் பேசாமல் விட்டதாலைதான் இப்பவும் அதையே எழுதுறாங்கள்!"

"போடா, போய்ப் பேப்பர் மாத்து. பிரின்டர் கத்துது."

பேப்பர் மாற்றினேன். கோபத்தில் தலைகீழாக வைத்து அதைச் சிக்கவைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்ரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் புத்தகத்திலை அப்பான்ரை பேர் வரோணும் தம்பி. துலாவிலை நிண்டவர் எண்டு வரோணும். நான் அதைக் கொண்டுபோய் அந்தச் சம்பந்திக்குக் காட்டோணும்." மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, நட்டஈடு கேட்கவில்லை. ஒரு வரி.

சங்கத்தின் பதிப்பாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் ஆங்கிலம் பிரெஞ்சுப் பள்ளிக்கூட ஆங்கிலம். ஆனாலும் கோபம் இலக்கணத்தைத் திருத்திவிடும். பதில் மிக மரியாதையாக வந்தது. அந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். சுவாரசியமான குடும்பக் கதையாம். ஆனால் புத்தகம் படையணியைப் பற்றியதாம். நேரில் கண்ட சாட்சியோ அக்காலப் பத்திரமோ இருந்தால் பரிசீலிக்கலாமாம்.

நேரில் கண்ட சாட்சி இருந்தார். வரம்பில் இருந்த அந்த மூத்த மகன். அன்ரியின் அண்ணை. நாலாம் கூண்டிலிருந்து தினமும் எடுக்கிற அந்த எண்ணின் மறுமுனையில்.

சிவநேசன் அண்ணையின் 'பழுது' கடதாசி அப்போதுதான் வந்தது. விசரன் என்று என்னைத் திட்டிய அதே மனிதர், அன்ரி வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு நாலாம் கதவில் அதை ஒட்டிவிடுவார். வேறு யாரும் உள்ளே போகமாட்டார்கள். அன்ரி வந்ததும் கடதாசியை விலக்கிக் கதவைத் திறந்துவிடுவார். "பழுதெண்டு போட்டிருக்கு, அவ மட்டும் போறா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தபோது, "அவதான் அண்ணை திருத்திறவ" என்றார்.

ஒரு நாள் அந்தப் பக்கத்தில் போன் எடுபட்டது. அன்ரி கூண்டுக்குள் எழும்பி நின்றார். நான் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன்: கம்பி எந்தப் பக்கத்தால் வந்தது, யார் யார் நின்றது, துணி எங்கே விழுந்தது. கடதாசியைக் கண்ணாடியில் பொத்திப் பிடித்துக்கொண்டு பேனையால் தட்டினேன். அன்ரி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளேயிருந்து கேட்டதெல்லாம், "சாப்பிட்டியளோ... பிள்ளையள் எங்கை... தண்ணி கிடக்கோ..." பிறகு "ஹலோ, ஹலோ". அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"அவர் பங்கருக்குள்ளை இருக்கிறார் தம்பி. மேலை பிளேன் சுத்துற சத்தம் எனக்கே கேட்டுது. அவரிட்டைப் போய்த் துலாவைப் பற்றி என்னெண்டு கேக்கிறது?"

அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. போர் முடிந்தது என்றார்கள். முகாம்களிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின; அந்தப் பெயர் வரவில்லை. 'பழுது' கடதாசி மட்டும் கதவில் பல மாதங்கள் இருந்தது. அதைக் கிழிக்க சிவநேசன் அண்ணைக்கு மனம் வரவில்லை.

சாட்சி கேட்டவர்களுக்கு என்ன எழுதுவது? முதலாவது விமானத்தைக் கண்ட சாட்சி இரண்டாவது விமானத்துக்குக் கீழே போய்விட்டார் என்று எழுதினேன். அனுதாபம் தெரிவித்து அழகான பதில் வந்தது.

சில வருடங்கள் கழித்துப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. சங்கமே ஒரு பிரதியை இலவசமாக அனுப்பியது. ஏன் என்று முதலில் விளங்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சேதம் இல்லை. முன்பு இருந்ததுபோலவே, ஒரு புள்ளி கூட மாறாமல். பிறகு நன்றியுரையைப் பார்த்தேன். அங்கே என் பெயர் இருந்தது! எப்போதோ எழுதிய மின்னஞ்சலின் அடியில், உங்கள் புத்தகத்தில் ஒரு படத்துக்கு விமானத்தின் வகையைப் பிழையாகப் போட்டிருக்கிறீர்கள், புகைக்குழாயைப் பாருங்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைத் திருத்தியிருந்தார்கள். அதற்குச் சாட்சி கேட்கவில்லை. பத்திரம் கேட்கவில்லை. புகைக்குழாயைப் பற்றி நான் சொன்னால் போதும். செல்லத்துரையின் காலைப் பற்றி அவருடைய மகள் சொன்னால் போதாது.

அந்தப் பிரதியை நான் அன்ரிக்குக் காட்டவில்லை. கிழித்தெறியவும் முடியவில்லை, படங்கள் நல்ல படங்கள். இப்படியான ஆள்தான் நான், என்ன செய்வது!

ரெலிபோன் கடை பிறகு பொதி அனுப்புகிற இடமானது, பிறகு கைபேசி உறை விற்கிற இடமானது. கூண்டுகளுக்குள் பெட்டிகளை அடுக்கினார்கள். சிவநேசன் அண்ணை கடையைக் கொடுத்துவிட்டு ஆர்ஜொந்தெயோடு நின்றுவிட்டார். ஊருக்குப் போய் வந்தவர்கள், தோட்டங்களில் இப்போது துலா இல்லை, மோட்டர்தான் என்கிறார்கள். ஒரு மனிதர் ஆகாயத்தில் நடந்து தண்ணீர் இறைத்தார் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால், சர்க்கஸா என்று பிரெஞ்சில் கேட்கிறார்கள். கூண்டு போய்விட்டது, துலா போய்விட்டது, சாட்சி போய்விட்டார். 'சேதம் இல்லை' என்ற அந்த இரண்டு சொல் மட்டும் கெட்டி அட்டைக்குள் சுகமாக இருக்கிறது.

கதவை நான் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன். மெத்ரோவில் ஏற்ற விடவில்லை, நடந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் நானும் கதவும் மாட்டிக்கொண்டு நின்றதைக் கீழ்வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தச் சங்கக்காரர் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றுகூடுவார்கள். ஆளாளுக்குத் தாங்கள் செய்த சிறிய மாதிரி விமானங்களைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். மின்னஞ்சலை மரியாதையாக மூடிவிடலாம். மாதிரியைக் கண்டால் எங்களைப் போன்ற ஆட்களால் கடந்துபோக முடியாது. குனிந்து பார்த்தே ஆகவேண்டும். எனக்கு அந்த நோய் தெரியும், எனக்கும் அதுதான். ஆகவே கொடிப் பிளேனைச் செய்யப்போகிறேன், புகைக்குழாய் உட்பட, ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாதபடி. அதன் பின்னால் கம்பி. கம்பிக்குக் கீழே வெங்காயத் தோட்டம், கிணறு, துலா, துலாவில் ஒரு மனிதர். எல்லாம் நாலாம் கதவுப் பலகையில் நிற்கும். அடியில் செல்லத்துரை என்று பெயர். பக்கத்தில் அன்ரி நிற்பார். கேட்கிறவர்களுக்கு அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். சாட்சி கேட்டார்கள் அல்லவா?

அன்ரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அப்பாவை எவ்வளவு பெரிசாச் செய்வாய்?"

"விமானத்தின்ரை அளவுக்குப் பார்த்தா, ஒரு அங்குலமும் வராது அன்ரி."

"அவ்வளவு சின்னனோ?" நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "பரவாயில்லை. கம்பி வரமுந்தி நிக்கிற மாதிரிச் செய். துலாவிலை நிக்கேக்கை அவருக்கு ரெண்டு காலும் இருந்தது. ரெண்டையும் வடிவாச் செய்."

நாளை கதவை அறுக்கத் தொடங்குகிறேன். முதலில் அந்தக் கால்கள்.